வழி தெரியாத கால்

இரவு பதினொன்றே முக்கால். மன்னார்குடியைத் தாண்டித் திருத்துறைப்பூண்டி போகும் சாலை. முழு ஊரடங்கு. ஒரு டீக்கடை விளக்குகூட இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு பைக். ஓட்டியவன் பெயர் குணசேகரன். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு சாக்கு. சாக்குக்குள்... ஒரு கால்.

"கால்னா?" என்று கேட்டார் நெய்னா முகம்மது.

"மனுசக் கால் பாய். வலது கால். தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும்."

பகலவன் இதை எங்களிடம் சொன்னது தை மாதக் கடைசியில், ஒரு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில். முறை வருவதற்காக மூன்றாவது இரவாகக் காத்துக் கிடந்தோம். குவியல்களுக்கு மேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் பனி. நான், லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் நெய்னா முகம்மது, தன் இரண்டு ஏக்கர் நெல்லைத் தானே காவல் காத்த ஷோபனா, அறுவடை மெஷின் ஓட்டும் பகலவன். நாலு பேரும் ஒரே தார்ப்பாய்க்குள் ஒடுங்கியிருந்தோம். குணசேகரன், பகலவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறான்.

அந்தக் கால் அவனுடைய மச்சான் தியாகராசனுடையது. அக்கா ஜெயபாரதியின் கணவர்.

தியாகராசனுக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கோரைமங்கலம். சொந்தமாக மூன்று ஏக்கர், குத்தகைக்கு நான்கு. நாற்பத்திரண்டு வயது. நாள் முழுக்கச் சேற்றில் நின்றாலும் உட்காராத ஆள். இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. ஒன்பது நாள் ஆக்சிஜன். அந்தத் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நாலு பேரில் திரும்பி வந்தது அவர் ஒருவர்தான். ரத்தம் இளகுவதற்கென்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் சாப்பிட்டார். காய்ச்சல்தான் போய்விட்டதே என்று நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், இரவு ஒன்பது மணிக்கு வலது கெண்டைக்காலில் வலி. சாதாரண வலி இல்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஜெயபாரதி தொட்டுப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலே சூடு. கீழே... ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டது போல இருந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"குணா, மச்சானுக்குக் கால் சில்லுன்னு ஆயிடுச்சுடா. கத்துறாரு. ஒரு வண்டி பிடிச்சுக்கிட்டு ஒடனே வாடா."

"இந்நேரத்துக்கு எவன்க்கா வண்டி தருவான்? எல்லாம் அடைச்சுக் கெடக்கு. நரம்பு பிடிச்சிருக்கும். தைலம் தேய்ச்சு விடு. காலையில பார்ப்போம்."

வண்டி கிடைத்திருக்கும். பக்கத்துத் தெருவிலேயே ஒரு ஆம்னி வேன் நின்றது. குணசேகரனுக்குப் பயம். கொரோனா வந்த ஆளோடு ஒரு மணி நேரம் ஒரே வண்டிக்குள் உட்கார வேண்டுமே என்ற பயம். ரொம்ப நாள் கழித்து இதை அவனே பகலவனிடம் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பகல் பதினொன்று. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஒரு பெண் டாக்டர், பேனா போன்ற ஒரு கருவியை முதலில் இடது பாதத்தில் வைத்தார். ஷ்ஷூ... ஷ்ஷூ... என்று ஒரு சத்தம். மதகு வழியாகத் தண்ணீர் போவது போல. பிறகு வலது பாதத்தில் வைத்தார்.

ஒன்றும் இல்லை.

கொஞ்சம் நகர்த்தி வைத்தார். கணுக்காலில் வைத்தார். முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"கொரோனா நெஞ்சோட போறதில்லைங்க," என்றார் டாக்டர். "ரத்தத்தை உறைய வச்சிடுது. காய்ச்சல் போனப்புறம்கூட. அந்தக் கட்டி எங்க போய் அடைக்கும்னு சொல்ல முடியாது. இவருக்குக் கால்ல அடைச்சிடுச்சு. வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸிடம் மெல்லச் சொன்னது குணசேகரன் காதில் விழுந்தது. "ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா..."

அடைப்பை எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே மறுபடி உறைந்தது. சாயங்காலம் விரல்கள் கறுத்தன. மறுநாள் பாதம். அதற்கடுத்த நாள் கறுப்பு முழங்காலைத் தொட்டுவிட்டது. இனி காலை எடுத்தால்தான் உயிர் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் தியாகராசன் குணசேகரனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, காலைக் குப்பையில போட விட்டுடாத. நம்ம ஊர் மயானத்துல, அப்பாவைப் புதைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே புதைச்சுடு. பின்னாடி நானும் அங்கதான வரப்போறேன். ஒரே எடத்துல கெடக்கட்டும்."

"செய்யறேன் மச்சான்."

அன்று இரவு வார்டு ஊழியர் ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சைத் துணி, அதற்கு மேல் கறுப்பு பாலிதீன், சுற்றிலும் டேப். "ரெண்டு கையாலயும் பிடிங்க சார்," என்றார். பிடித்ததும் குணசேகரனின் தோள் இறங்கியது. ஒரு காலுக்கு இவ்வளவு கனமா... அவன் அதுவரை நினைத்ததே இல்லை.

கடையிலிருந்து எடுத்து வந்த புது மண்வெட்டியையும் அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். வடுவூர் தாண்டி போலீஸ் மறித்தது.

"சாக்குல என்ன?"

"கால் சார்."

"ஆட்டுக் காலா?"

குணசேகரன் ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினான். படித்த போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். கடிதத்தைத் திருப்பித் தரக்கூடக் கையை நீட்டவில்லை. பேரிகாடின் மேல் வைத்துவிட்டு, போ என்று தலையசைத்தார்.

மன்னார்குடிக்கு அப்புறம் ஒரு வேகத்தடை. சாக்கு முன்னால் சரிந்து அவன் முதுகில் முட்டியது. எந்தப் பக்கம் தொடை, எந்தப் பக்கம் பாதம் என்று பார்த்து அவன் கட்டவில்லை. முட்டியபோது தெரிந்தது. சட்டை வழியாக... ஐந்து விரல்.

"போதும்ணே," என்றாள் ஷோபனா. ஆனால் எழுந்து போகவில்லை. தார்ப்பாயை இன்னும் இழுத்துக்கொண்டாள்.

கோரைமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது போன் வந்தது. மயானத்தில் காத்திருப்பதாகச் சொன்ன பங்காளி ஒருவர். "தம்பி, ஊர்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. கொரோனா கால் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு எல்லையில மூங்கில் கட்டி ஆள் நிக்கிது. நீ திரும்பிப் போயிடு."

நெகட்டிவ் வந்து எத்தனையோ நாள் ஆயிற்று என்று சண்டை போட்டிருக்கலாம். விடியும்வரை காத்திருந்து பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசியிருக்கலாம். குணசேகரன் இரண்டும் செய்யவில்லை. சாலையோரம் ஒரு பாசன வாய்க்கால். மேட்டூர் திறக்காத மாதம், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பைக்கை நிறுத்தினான். இறங்கி, கரைக்குக் கீழே தரையிலேயே வெட்டினான். இரண்டடிக்குக் கீழே மண்வெட்டி இறங்கவில்லை. ஸ்பிரிட் வாடையும் காய்ந்த நத்தை வாடையும் கலந்து வந்தன. குழியில் வைக்கும்போது ஒரு சந்தேகம். எதைத் தலைமாடாக வைப்பது? காலுக்குத் தலைமாடு ஏது?

தெரியாமலே வைத்து மூடினான்.

மறுநாள் மச்சானுக்கு மயக்கம் தெளிந்ததும் சொன்னான். "உங்க அப்பா பக்கத்துலயே வச்சிட்டேன் மச்சான்."

தியாகராசன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

ஜூன் முதல் வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார்: இல்லாத கால் இருப்பது போலவே தோன்றும், அரிக்கும், வலிக்கும், பயப்பட வேண்டாம், நரம்புக்கு மறக்க நாளாகும். அப்படியேதான் நடந்தது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, காலியான இடத்தைச் சொறியப் போய்க் கையை இழுத்துக்கொள்வார். சிரிப்பார். ஜெயபாரதி உள்ளே போய் அழுதுவிட்டு வருவாள். குணசேகரன் வாரத்தில் மூன்று நாள் அங்கேயே தங்கி வயல் வேலைகளைப் பார்த்தான். எல்லையில் மூங்கில் கட்டி மறித்ததைத் தியாகராசனிடம் மறைத்துவிட்ட ஊர்க்காரர்கள், மச்சினன்னா இப்படி இருக்கணும் என்றார்கள். அந்தப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒருநாள் மத்தியானம் தியாகராசன் சொன்னார்.

"அரிப்பெல்லாம் போயிடுச்சு மாப்ள. இப்ப கனமா இருக்கு. கால் மேல மூட்டை மூட்டையா மண்ணைக் கொட்டி வச்சாப்ல."

"டாக்டர் சொன்னாங்கள்ல மச்சான்... அப்படித்தான் தோணும்."

"ம்."

நாலு நாள் போயிற்று. காலை பத்து மணி இருக்கும். கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏதோ பெரிய வண்டி மாப்ள... பக்கத்துலயே ஓடுது. பூமியே அதிருது. இரும்புப் பல்லால சுரண்டுறாப்ல இருக்கு."

வீட்டைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. குணசேகரன் பைக்கை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனான். தூர் வாருவதற்குப் பொக்லைன் வந்திருந்தது. அந்த இடத்தில்தான் நின்றது. வாளி இறங்கித் தரையைப் பிறாண்டி, மண்ணை அள்ளி, கரைமேல் கொட்டியது. மறுபடி இறங்கியது. நிறுத்து என்று கத்த வாய் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். கொட்டிய மண்ணில் கறுப்பு பாலிதீன் எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தியாகராசன் சாய்ந்து படுத்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"இப்ப லேசாயிடுச்சு மாப்ள. பாரமே இல்ல... கால்ல காத்து படுது."

"பொக்லைன்காரன் அள்ளி எங்கயாவது கொட்டியிருப்பான்," என்றார் நெய்னா முகம்மது. "நாய் நரி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். இதுல என்ன இருக்கு?"

"இருக்கலாம் பாய்," என்றார் பகலவன். "நானும் அப்படித்தான் சொன்னேன் அவன்கிட்ட. மிச்சத்தைக் கேளுங்க."

ஜூன் பன்னிரண்டு மேட்டூர் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. பத்து நாள் என்றார்கள், பதினைந்து நாள் என்றார்கள். ஆனி பத்தாம் தேதி வாக்கில், விடியற்காலை மூன்று மணி. ஜெயபாரதி சத்தம் கேட்டு விழித்தாள். கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பாரதி... தண்ணி வந்துடுச்சு."

படுக்கை நனைந்துவிட்டதோ என்று அவள் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"இங்க இல்லடி. கால்ல. மொதல்ல குதிகால்ல பட்டுச்சு. சருகெல்லாம் அடிச்சுக்கிட்டு வருது. இப்ப கணுக்கால்... ஏறுது."

கூடத்தில் படுத்திருந்த குணசேகரனுக்கும் கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. போர்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

விடிந்ததும் ஊரே வாய்க்காலுக்கு ஓடியது. நிஜந்தான். முதல் தண்ணீர், நுரையும் வைக்கோலும் செத்த ஓணானுமாக வந்துகொண்டிருந்தது. காய்ந்த தரை தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கரைவரை கேட்டது. கோரைமங்கலத்துக்காரர்கள் தியாகராசன் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னார்கள். "காலை எடுத்தா என்ன, படுத்த எடத்துலேர்ந்தே தண்ணி வர்றதைக் கண்டுபிடிச்சிட்டியே தியாகு!" எல்லோரும் சிரித்தார்கள். தியாகராசனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சினனைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

இரண்டு நாளில் நாற்றங்காலைச் சேறடித்துப் பரம்பு ஓட்டி, கண்ணாடி மாதிரி சமப்படுத்தி வைத்தான் குணசேகரன். காலையில் முளைகட்டிய விதை தெளிக்க வேண்டும். விதைக் கூடையோடு முதலில் போனது ஜெயபாரதி. போனவள் வரப்பிலேயே கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

நாற்றங்காலில் கால் தடம்.

வலது கால் தடம் மட்டும். ஒரு தடம்... இரண்டு எட்டு இடைவெளி... அடுத்த தடம். இடையில் இடது கால் பட வேண்டிய இடமெல்லாம் பரம்பு ஓட்டிய சேறு அப்படியே கிடந்தது. நொண்டி அடித்தவனின் தடம் என்றால் முன்பக்கம் அழுந்தியிருக்கும். இது அப்படி இல்லை. நிதானமாக, குதிகால் ஊன்றி நடந்த தடம். வாய்க்கால் பக்கத்திலிருந்து ஏறி, நாற்றங்காலைச் சுற்றி வந்து, நடுவில் நின்று, திரும்பி, மறுபடி வாய்க்கால் பக்கமே போயிருந்தது.

"யாரோ பயலுவோ வெளயாடியிருப்பானுவோ அக்கா," என்றான் குணசேகரன்.

ஜெயபாரதி குனிந்து ஒரு தடத்தைக் காட்டினாள். சுண்டுவிரல், பக்கத்து விரலின் மேல் ஏறியிருந்தது.

"இந்தக் காலை எனக்குத் தெரியாதாடா?" என்றாள்.

விதை தெளிக்காமலே வீட்டுக்கு வந்தார்கள். தியாகராசன் விழித்தபடி படுத்திருந்தார். ராத்திரி தூங்கவே இல்லை என்றார்.

"நடக்குறேன் மாப்ள. கனா இல்ல, முழிச்சுக்கிட்டேதான். இங்க படுத்துருக்கேன், ஃபேன் ஓடுறது தெரியுது. அங்க நடக்குறேன். சேறு விரலிடுக்குல பிதுங்குது. எங்க போறதுன்னு அதுக்குத் தெரியலை. மூடிக் கட்டிக் கொண்டாந்தா வழி எப்படித் தெரியும்?"

குணசேகரன் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான்... நான் மயானத்துல புதைக்கலை."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"தண்ணி வந்த அன்னிலேர்ந்து. மயானம் மேட்டுல கெடக்கு. அங்க ஏதுடா வாய்க்கா?"

ஜெயபாரதி தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மூங்கில் தடுப்பு, போன், இரண்டடிக் குழி. அதற்கு முந்தியதையும் சொன்னான். பக்கத்துத் தெரு ஆம்னி வேன். அவள் அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"என்மேல கோவமா மச்சான்?"

தியாகராசன் வெட்டிய தொடையின் மேல் கையை வைத்தார்.

"எனக்கு இல்ல மாப்ள..." என்றார். "அதுக்குத்தான் இருக்கு."

அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் கிளம்பினார்கள். மச்சானைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டான் குணசேகரன். மண்வெட்டி குறுக்கே. ஜெயபாரதி வாசல்வரை வந்தாள்.

"நீங்க போனதும் வாச விளக்கை அணைச்சுடுவேன்," என்றாள். "வெளிச்சத்தைப் பாத்து அது வீட்டுக்கு வந்துடப் போவுது."

வாய்க்கால் கரையில் பைக்கை நிறுத்தினார்கள். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தியாகராசன் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தவளைகள் ஓய்ந்தன. அக்கரையில் முதலில், பிறகு இக்கரையில்.

"கரை ஏறிடுச்சு," என்றார் மெல்ல. "மெதுவா ஓட்டு. திரும்பிப் பாக்காத."

குணசேகரன் பைக்கின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினான். முதல் கியரில் நடக்கிற வேகத்துக்கு ஓட்டினான். முன்னால் தார்ச்சாலை. பின்னால்...

தப்.

ஈரப் பாதம் தாரில் படும் சத்தம். அதற்கப்புறம் இன்னொரு காலின் சத்தம் வர வேண்டும். காது அதற்காகக் காத்திருக்கும். வராது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி...

தப்.

"நிக்குது," என்பார் தியாகராசன். குணசேகரன் நிறுத்துவான். "ம்... வருது." ஓட்டுவான். ஊர் எல்லையில் ஒரு நாய் எழுந்து நின்று பார்த்தது. குரைக்கவில்லை. வாலைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு வேலிக்குள் நுழைந்தது. மச்சானின் நெஞ்சு தன் முதுகில் படபடவென்று அடித்துக்கொள்வது குணசேகரனுக்குத் தெரிந்தது. தன்னுடையதும் அப்படித்தான்.

மயானத்தில் தகரக் கொட்டகை, சுற்றிலும் காட்டுக்கருவை முட்புதர். தியாகராசனை அவர் அப்பாவின் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தான். இந்த முறை நாலடி. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. நிறுத்தவில்லை. வெட்டி முடித்து ஏறி வந்ததும் மச்சான் டார்ச்சை அணைக்கச் சொன்னார்.

"திரும்பி நில்லு மாப்ள."

திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால், காய்ந்த சருகில் ஒரு மிதி. ஸ்பிரிட் வாடை. அவ்வளவு பக்கத்தில்.

"விளிம்புல நிக்குது," என்றார் தியாகராசன். அப்புறம் அவர் பேசியது இவனிடம் இல்லை. மிரண்ட கன்றை ஓட்டுகிற குரல். "எறங்கு... ம்... நம்ம எடந்தான்... அப்பா இங்கதான் இருக்காரு. பயப்படாத. எறங்கு."

விளிம்பிலிருந்து மண் பொலபொலவென்று உதிரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"படுத்துடுச்சு. மூடு."

இருட்டிலேயே மூடினான். குழிக்குள் பார்க்கவில்லை. வீடு திரும்பும்போது பின்னால் சத்தம் எதுவும் இல்லை. வாசல் விளக்கு அணைந்தே இருந்தது. ஜெயபாரதி இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். மூவரும் அன்று கூடத்திலேயே படுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு தியாகராசன் குறட்டை விட்டுத் தூங்கினார். அதைக் கேட்டுக்கொண்டே அழுது தீர்த்ததாகக் குணசேகரன் சொன்னான்.

பகலவன் நிறுத்தினார். எங்கோ ஒரு குவியலின் மேல் தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"அல்லாவே... நல்லபடியா முடிஞ்சுச்சு," என்றார் நெய்னா முகம்மது.

"இன்னும் முடியலை பாய்."

காலையில் குணசேகரன் மச்சானிடம் கேட்டான். "இப்ப எப்படி இருக்கு?"

"வலி சுத்தமா இல்ல மாப்ள. நடக்கவும் இல்ல. ஆனா..." தியாகராசன் தயங்கினார். "இடம் பத்தலை. நெருக்குது. பக்கத்துல வேற யாரோ இருக்காப்ல."

குணசேகரன் பால் சொம்பை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனான். புதைத்த இடத்தில் பால் ஊற்றிவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். ராத்திரி லேசாகத் தூறியிருந்தது. மூடிய மண் ஈரமாக இருந்தது.

மண்ணெல்லாம் தடம்.

முதலில் ஒரு இடது கால். பெரிய கால், கட்டைவிரலில் நகம் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு வலது கால். அது ஒல்லியான, வயதான கால். தள்ளி ஒன்று, பெண்ணுடையது, இரண்டாவது விரலில் மெட்டி அழுந்திய வளையம். ஒவ்வொன்றும் ஒற்றைத் தடமாக, ஒவ்வொரு திசையிலிருந்து வந்திருந்தன. தார்ச்சாலைப் பக்கமிருந்து, மன்னார்குடிப் பக்கமிருந்து, வயலுக்குள்ளிருந்து. அந்த மே மாதம் இந்த டெல்டா முழுக்க எத்தனை பேருக்கு ரத்தம் உறைந்ததோ, எத்தனை ஆஸ்பத்திரிகளில் எதை எதை வெட்டி எங்கே போட்டார்களோ... எல்லா விரல்களும் குழியைப் பார்த்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

பால் சொம்பைக் கீழே வைத்தான். ஓடிவிடத்தான் நினைத்தானாம். ஓடவில்லை. இரண்டு தடவை பயந்து செய்ததன் பலனைப் பார்த்தவன். வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான். பழைய குழியைத் தொடாமல், அதை ஒட்டிப் பக்கத்திலேயே இன்னொரு ஆள் நீளத்துக்கு, நாலடி ஆழத்துக்கு வெட்டினான். பகல் முழுக்க வெட்டினான். வெட்டிவிட்டு, கொட்டகைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பின்னால் மண் உதிரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பொழுது சாயும் நேரத்துக்கு அது ஓய்ந்தது. எழுந்து போய், உள்ளே பார்க்காமல் மூடினான்.

இருட்டும்போது போன் அடித்தது. மச்சான்.

"பரவாயில்லையா மச்சான்? இப்ப நெருக்கம் கொறஞ்சுச்சா?"

"கொறஞ்சுச்சு மாப்ள..." தியாகராசனின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ தூங்குவது போல. "ஆனா இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டு. சின்னதா ஒண்ணு, கொழந்தக் கால் போல இருக்கு... வெளியவே நிக்குது."